தொட்டியைக் கவிழ்த்த மருத்துவர்

(உரைநடை – வாழ்க்கை வரலாறு)

நுழையும் முன்

மழைக்காலம் தொடங்கியதும் பெங்களூருவின் தெருக்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடியிலுள்ள நீர்த்தொட்டி, வாயிலில் உள்ள சம்பு, பூச்செடியின் அடித்தட்டு ஆகியவற்றை அவர்கள் குனிந்து நோக்குவர். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொள்வர். அவர்கள் தேடுவது கொசுவின் புழுக்களை. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், இதே ஊரில், மருத்துவர் ஒருவர் தம் சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியைக் குனிந்து நோக்கினார். பின்னாளில் உலகம் போற்றும் அறிவியலாளராக விளங்கிய அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமைப் பருவம்

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். மீரட் நகரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளுள் ராஸே மூத்தவர். எட்டு வயதானபோது கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் ஒரு நாட்டில், பிள்ளை ஒரு நாட்டில் என்னும் நிலையில் உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

கவிதை எழுதுவதிலும் ஓவியம் தீட்டுவதிலும் இசையிலும் கணக்கிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. மருத்துவம் அவர் விரும்பிய துறையன்று. தந்தையின் விருப்பத்திற்காகவே இலண்டனில் உள்ள புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். விருப்பமின்றிப் படித்ததால் தேர்வு ஒன்றில் தோல்வியும் கண்டார். சிறிது காலம் கப்பல் மருத்துவராகப் பணியாற்றிய பின் மீண்டும் முயன்று தேறி, 1881ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். சென்னை மாகாணத்தின் படைகளுக்கு மருத்துவம் பார்க்கும் பணி அவருக்கு வாய்த்தது.

பெங்களூருவில் ஒரு தொட்டி

1883ஆம் ஆண்டு ராஸ் பெங்களூருவின் படைக் குடியிருப்புக்குத் தற்காலிக மருத்துவராக வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. தண்டு என்று ஊர்மக்கள் அழைத்த அப்பகுதி 1809இல் ஆங்கிலேயரால் அமைக்கப்பட்டது. படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் கைவினைஞர்களாகவும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் அங்கே குடியேறியிருந்தனர். அல்சூர், சிவாஜி நகர் முதலிய பகுதிகளில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அக்குடியேற்றமே தொடக்கம்.

ராஸுக்குக் கொடுக்கப்பட்ட இல்லம் வசதியானது. ஆயினும் ஒரு குறை இருந்தது. அவருடைய அறையில் மட்டும் கொசுக்கள் மற்ற அறைகளைவிட மிகுதியாக மொய்த்தன. பிறர் கொசுவலையைக் கட்டிக்கொண்டு உறங்கிவிடுவர். ராஸோ, தம் அறையில் மட்டும் ஏன் இவ்வளவு கொசுக்கள் என்று எண்ணினார். காரணத்தைத் தேடிச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே நீர் நிறைந்த தொட்டி ஒன்று இருந்தது. அந்நீரில் சிறிய புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவை கொசுவின் இளம்பருவம் என்பதை உணர்ந்த ராஸ், தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். சில நாள்களில் அறையில் கொசுக்கள் வெகுவாகக் குறைந்தன.

மருந்தும் இல்லை, புகையும் இல்லை. தேங்கிய நீரை நீக்கினால் கொசு பெருகாது என்னும் எளிய உண்மை புலப்பட்டது. இதை உடனே தம் படைப்பிரிவின் நிருவாக அதிகாரியிடம் கூறினார். அதிகாரிகள் உணவருந்தும் கூடத்திலும் இவ்வாறே செய்யலாம் என்றார். அங்கே தோட்டத்துத் தொட்டிகளிலும், உணவு மேசையின் கால்களுக்கு அடியில் வைத்திருந்த தகரக் கிண்ணங்களிலும், பூச்சாடிகளிலுங்கூடப் புழுக்கள் இருந்தன. எறும்பு ஏறாதிருக்க அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டல்லவா? அத்தகைய கிண்ணங்களே அவை.

அந்த அதிகாரியோ இதனை எள்ளி நகையாடினார். கொசுக்களும் ஏதோ ஒரு நோக்கத்திற்காகவே படைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பொறுத்துக்கொள்வதே நம் கடமை. இயற்கையின் ஒழுங்கைக் குலைத்தல் கூடாது என்று மறுத்துவிட்டார். கொசு நோயைப் பரப்பும் என்பதை அன்று அந்த அதிகாரி அறியார், ராஸும் அறியார். ராஸைப் பொறுத்தவரை அன்று அது உறக்கத்தைக் கெடுக்கும் பூச்சி மட்டுமே.

வழிகாட்டி வாய்த்தார்

அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலால் இந்தியாவில் ஆண்டுதோறும் எண்ணற்றோர் மாண்டனர். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று பலர் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதுதான் பொருள். 1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான், நோயாளிகளின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது என்பது மட்டும் விளங்காமல் இருந்தது.

1894ஆம் ஆண்டு விடுப்பில் இலண்டன் சென்ற ராஸ், பேட்ரிக் மான்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு, கொசுவின் உடலில் வளர்வதைச் சீனாவில் கண்டறிந்தவர் மான்சன். மலேரியாவுக்கும் கொசுவே காரணமாகலாம் என்பது அவருடைய எண்ணம். லாவரான் கண்ட ஒட்டுண்ணியை நுண்ணோக்கியின் வழியே ராஸுக்குக் காட்டினார். அதுவரை ஐயத்துடன் இருந்த ராஸ் தெளிவு பெற்றார். 1895ஆம் ஆண்டு இந்தியா திரும்பியவுடன் செகந்தராபாத்தில் ஆய்வைத் தொடங்கினார். ஆசிரியரும் மாணவரும் கடல் கடந்து எழுதிக்கொண்ட மடல்கள் அவ்வாய்வுக்குத் துணையாயின.

மீண்டும் பெங்களூரு

ஆய்வு சூடுபிடித்த வேளையில் இடையூறு வந்தது. பெங்களூருவில் காலரா பரவியதால், நோய்த்தடுப்புப் பணிக்காக அரசு அவரை அங்கே அனுப்பியது. மலேரியா நோயாளிகள் அரிதாகவே வந்த ஊரில் தம் ஆய்வு தடைபட்டதே என்று அவர் வருந்தினார். ஆனால், கடமையைக் கைவிடவில்லை. குடிநீரும் கழிவுநீரும் ஓர் ஊரின் நலத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை அப்பணி அவருக்கு நேரில் கற்பித்தது.

விடுப்புக் கிடைத்தபோது ஓய்வெடுக்காமல், உதகமண்டலத்திற்கு அருகில் மலேரியா மிகுந்த சீகூர் மலைப்பாதைக்குச் சென்றார். அங்கே அவரையே மலேரியா தாக்கியது. அங்குதான் சுவரில் சாய்வாக அமர்ந்திருந்த, சிறகில் புள்ளிகள் கொண்ட ஒருவகைக் கொசுவை அவர் கண்டார். அதுவரை அவர் அறுத்துப் பார்த்தவை வேறு வகைக் கொசுக்கள். எல்லாக் கொசுக்களும் ஒன்றல்ல, ஒவ்வொரு வகைக்கும் தனி இயல்பு உண்டு என்னும் உண்மை அவர் மனத்தில் பதிந்தது.

செகந்தராபாத்தில் வெற்றி

1897ஆம் ஆண்டு ராஸ் மீண்டும் செகந்தராபாத் சென்றார். புழுக்களைத் தேடிச் சேகரித்து வளர்த்தார். அவற்றிலிருந்து புள்ளிச் சிறகுக் கொசுக்கள் வெளிவந்தன. உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி அக்கொசுக்கள் தம்மைக் கடிக்க இசைந்தார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா வீதம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. எளிய மனிதர் ஒருவரின் பொறுமையும் இக்கண்டுபிடிப்பில் கலந்திருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

கோடை வெப்பம் வாட்டியது. விசிறியை இயக்கினால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் காற்றின்றியே பணியாற்றினார். நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணாடி வில்லையிலும் விரிசல் விழுந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கொசுக்களை அறுத்து அணு அணுவாகத் தேடினார். ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில், கருநிறத் துகள்களைக் கொண்ட வட்டமான உயிரணுக்கள் தென்பட்டன. மறுநாள் அறுத்த கொசுவில் அவை மேலும் பெருத்திருந்தன. மலேரியா ஒட்டுண்ணி அனாபிலிஸ் கொசுவின் உடலில் வளர்கிறது என்பது உறுதியாயிற்று. கவிஞரான அவர் அம்மகிழ்ச்சியைக் கவிதையாகவும் எழுதினார். அந்நாளே இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

கல்கத்தாவில் நிறைவு

வெற்றி பெற்றவுடன் மீண்டும் இடமாற்ற ஆணை வந்தது. மலேரியா மிகக் குறைந்த இராசபுதனத்துக் கேர்வாராவுக்கு அவர் அனுப்பப்பட்டார். மான்சன் இலண்டனில் முயன்றதன் பயனாக, 1898ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆய்வுப் பணி கிடைத்தது. அங்கே பிளேக் நோயைப் பற்றிய அச்சம் நிலவியதால், மருத்துவர்களிடம் குருதி கொடுக்க மக்கள் அஞ்சினர். எனவே ராஸ் பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்தார். முகமது பக்ஸ் என்னும் உதவியாளர் கொசுக்களைப் பிடித்து வளர்ப்பதில் அவருக்கு வலக்கையாக இருந்தார்.

ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்வதை 1898 சூலையில் ராஸ் கண்டார். அத்தகைய கொசுக்களை நலமான சிட்டுக்குருவிகளைக் கடிக்கச் செய்தபோது அவற்றுக்கும் நோய் வந்தது. நோய் பரவும் வழி முழுமையாக விளங்கிவிட்டது. அதே ஆண்டில் இத்தாலியில் கிராசியும் அவருடைய நண்பர்களும் மனிதரைத் தாக்கும் மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை மெய்ப்பித்தனர். யாருக்கு முதன்மை என்பது பற்றி ராஸுக்கும் கிராசிக்கும் நெடுங்காலம் பூசல் நிகழ்ந்தது. எளிதில் சினங்கொள்வது ராஸின் இயல்பு. பெரியோரிடத்தும் குறைகள் உண்டு; அவற்றையும் அறிவதே வாழ்க்கை வரலாற்றைக் கற்பதன் பயன்.

1902ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு ராஸுக்கு வழங்கப்பட்டது. இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே.

எண்ணிக் கணித்தவர்

கண்டுபிடித்தவுடன் தம் பணி முடிந்தது என்று ராஸ் கருதவில்லை. 1899இல் இந்தியப் பணியிலிருந்து விலகி, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வெப்ப மண்டல நோய்களைக் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்தார். சியரா லியோன், சூயசுக் கால்வாயை ஒட்டிய இஸ்மாயிலியா, மொரீசியசு ஆகிய இடங்களுக்குச் சென்று, தேங்கிய நீரை அகற்றிக் கொசுவைக் குறைக்கும் வழிகளை எடுத்துரைத்தார். பெங்களூருவில் அதிகாரி மறுத்த முறையையே உலகத்தின் பல ஊர்களுக்கு அவர் கொண்டு சென்றார்.

இளமையில் விரும்பிய கணக்கு இப்போது கைகொடுத்தது. ஓர் ஊரில் எத்தனை பேர், எத்தனை நோயாளிகள், எத்தனை கொசுக்கள் என்று எண்ணி, நோய் பெருகுமா குறையுமா என்பதைக் கணிதச் சமன்பாடுகளால் கணித்தார். ஊரிலுள்ள ஒவ்வொரு கொசுவையும் அழிக்க வேண்டியதில்லை. அவற்றின் எண்ணிக்கையை ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக மங்கிவிடும் என்று காட்டினார். நோய்ப் பரவலைக் கணிக்கும் இன்றைய கணிதத்திற்கு அவர் முன்னோடி. 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், தம் பெயரால் இலண்டனில் அமைந்த நிறுவனத்திலேயே அவர் காலமானார்.

நம் வீட்டிலுள்ள தொட்டிகள்

ராஸ் ஆராய்ந்தது மலேரியாவை. அதனை உண்டாக்குவது ஒட்டுண்ணி. இன்று பெங்களூருவில் நாம் அஞ்சும் டெங்குவும் சிக்குன்குனியாவும் வைரசால் வருபவை. அவற்றைப் பரப்புவது ஏடிஸ் என்னும் வேறொரு கொசு. ஆயினும் ராஸ் காட்டிய வழியில்தான் அந்த உண்மையும் தெளிவாயிற்று. மஞ்சள் காய்ச்சல் என்னும் வைரசு நோயை ஏடிஸ் கொசு பரப்புவதை 1900ஆம் ஆண்டு கியூபாவில் வால்டர் ரீடு குழுவினர் மெய்ப்பித்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் டெங்குவைப் பரப்புவதும் அக்கொசுவே என்பது தெரியவந்தது.

ஏடிஸ் கொசு கருநிற உடலும் வெண்ணிறக் கோடுகளும் உடையது, பகலில் கடிப்பது. சாக்கடையைவிடத் தெளிந்த நீரையே அது நாடும். மூடாத சம்பு, குடிநீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் பீப்பாய், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பூச்சாடி ஆகியவை அதன் பிறப்பிடங்கள். தண்ணீர் நாள்தோறும் வராத தெருக்களில் மக்கள் நீரைச் சேமித்தே ஆகவேண்டும். அது அவர்தம் பிழையன்று. சேமித்த நீரை இறுக மூடி வைப்பதே வழி. ராஸ் 1883இல் கண்ட தொட்டி, கிண்ணம், பூச்சாடி ஆகியவற்றுக்கும் இப்பட்டியலுக்கும் உள்ள ஒற்றுமையைக் காண்க.

ஏடிஸ் கொசுவின் முட்டை, முழுக் கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் காலிசெய்தால் புழு கொசுவாகும் முன்பே அழியும். ஆனால், நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். ஈரமின்றிப் பல மாதங்கள் கிடந்தாலும் அம்முட்டை உயிர்ப்புடன் இருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிக்கும். எனவே உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

வீட்டுக்கு வரும் பணியாளர்களின் குறிப்பேட்டிலும் ராஸின் கணக்கு வாழ்கிறது. பார்வையிட்ட நூறு வீடுகளில் எட்டு வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8 ஆகும். அந்நூறு வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் மொத்தம் பன்னிரண்டு எனில் பிரெட்டோ குறியீடு 12 ஆகும். இவ்வெண்கள் உயரும் தெருவுக்கு முதலில் விரைந்தால், காய்ச்சல் வருமுன்னரே தடுக்கலாம். கதவைத் திறக்காத ஒரு வீடு அக்கணக்கில் விடுபட்டுவிடும். அங்கே பிறக்கும் கொசுவோ அண்டை வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். டெங்குவின் வைரசை அழிக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆதலால் காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடுதலும், கொசு பிறக்காமல் காத்தலுமே நமக்குள்ள அரண்கள்.

கொசுவைப் பொறுத்துக்கொள்வதே கடமை என்று எண்ணிய அதிகாரியின் பெயர் இன்று எவர் நினைவிலும் இல்லை. ஏன் என்று கேட்டு, எழுந்து சென்று, தொட்டியைக் கவிழ்த்த இளைஞரின் பெயர் நிலைத்துவிட்டது. அச்செயலுக்கு அவருக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. கூர்ந்து நோக்கும் கண்களும் சோம்பாத கைகளுமே தேவைப்பட்டன. அவை உங்களிடமும் உள்ளன.

அருஞ்சொற்பொருள்

மாகாணம் – ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து ஆட்சிப் பிரிவு
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்
ஒட்டுண்ணி – பிற உயிரைச் சார்ந்து வாழும் உயிரி
பூசல் – சச்சரவு
முன்னோடி – முதலில் வழி காட்டியவர்
அரண் – காவல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ராஸின் அறையில் மட்டும் கொசுக்கள் மிகுந்திருந்தமைக்குக் காரணம் யாது?
2. நிருவாக அதிகாரி ராஸின் கருத்தை ஏன் மறுத்தார்?
3. உலகக் கொசு நாள் எது? அந்நாளில் நிகழ்ந்தது என்ன?
4. நீரைக் கொட்டிய பின்னும் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
நீர்த்தொட்டி, நுண்ணோக்கி, பூச்சாடி, வெண்ணிறம்

இ. கணக்கிட்டு எழுதுக.
ஒரு தெருவில் 50 வீடுகள் பார்வையிடப்பட்டன. 4 வீடுகளில், மொத்தம் 6 பாத்திரங்களில் புழுக்கள் காணப்பட்டன. நூறு வீடுகளுக்கு எனக் கொண்டு வீட்டுக் குறியீட்டையும் பிரெட்டோ குறியீட்டையும் காண்க.

ஈ. சிந்தித்து எழுதுக.
இயற்கையின் ஒழுங்கைக் குலைத்தல் கூடாது என்னும் அதிகாரியின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு
பெரியவர்களின் துணையோடு, உங்கள் வீட்டிலும் மாடியிலும் நீர் தேங்கும் இடங்களைப் பட்டியலிடுக. நான்கு வாரங்கள், வாரம் ஒருமுறை அவற்றைப் பார்த்து, புழு உண்டு அல்லது இல்லை எனக் குறித்து வைத்து வகுப்பில் ஒப்பிடுக. பட்டியலில் உள்ள பொருள்களின் பெயர்களைத் தமிழிலும், உங்கள் கன்னட நண்பரிடம் கேட்டுக் கன்னடத்திலும் எழுதுக.